சுப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயர்ச் சாமான் வாங்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மாதச் சாமான் செலவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் அந்தக் கடையின் பெயரிலேயே வரும் பருப்பு, கோதுமை மா, டின்மீன், உடுப்புத் தோய்க்கிற பவுடர் எல்லாம் விலை குறைவு. அதற்கு மாறுவோம் என்கிறார் கணவர். அது கழித்து ஒதுக்கின சாமான், பெயரை மாற்றி அடைத்து விற்கிறார்கள் என்று மாமி ஒரே பிடியாக நிற்கிறா. இதற்கிடையில் எங்கள் ஒழுங்கைக்கு வானில் வரும் ஒருவர் பெயர்போன கம்பனிகளின் பால்மா, பிஸ்கட், நூடில்ஸ் எல்லாவற்றையும் கடையை விட நல்ல கழிவில் தருகிறார். பேசாமல் அவரிடமே வாங்கிவிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வானில் வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். கணவர் சொல்வதைப் பொறுத்தவரை, தாராளமாக மாறலாம். டின்மீனில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

மாமியின் சந்தேகம் நியாயமான இடத்தில் இருந்துதான் வருகிறது. ஒரே பருப்பு, பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இரண்டு விலை என்றால், மலிவானதில் ஏதோ குறை இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த விலை வித்தியாசம் பெரும்பாலும் பருப்பிலிருந்து வருவதில்லை. ஒரு பெயர்போன கம்பனி ரீவி விளம்பரத்துக்குக் கொடுக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு ஏஜென்ட் வைத்து அவருக்கு இலாபம் கொடுக்கிறது, கடை கடையாகப் போகும் விற்பனைப் பிரதிநிதிக்குச் சம்பளம் கொடுக்கிறது, நல்ல தட்டில் சாமானை வைப்பதற்குக் கடைக்கும் கழிவு கொடுக்கிறது. சுப்பர்மார்க்கெட் தன் பெயரில் ஒரு சாமானைப் போடும்போது இதில் பாதிக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஏற்கெனவே இருக்கிற ஒரு தொழிற்சாலையிடமோ பொதி செய்பவரிடமோ “இந்தத் தரத்தில், இந்த அளவில் எங்களுக்குச் செய்து தா” என்று கேட்டு, மொத்தமாக எடுத்துத் தன் தட்டிலேயே வைத்துவிடுகிறார்கள்.

பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கடையின் பெயர் இருக்கும். பின்பக்கத்தில் அதைச் செய்தவர் அல்லது பொதி செய்தவர் யார், எந்த ஊர் என்று இருக்கும். நீங்கள் பழகின கம்பனியின் பெயரே அங்கே இருப்பதும் உண்டு.

இன்னொன்று. நீங்கள் “கம்பனிச் சாமான்” என்று நம்பி வாங்குகிற சில பெயர்களே சுப்பர்மார்க்கெட் வைத்திருக்கிற குழுமத்தின் சொத்துத்தான். கிஸ்ட் ஜாமும் கொத்மலே பாலும் கார்கில்ஸ் குழுமத்தினுடையவை. எலிஃபன்ட் ஹவுஸ் குளிர்பானமும் கீல்ஸ் கடைகளும் ஒரே ஜோன் கீல்ஸ் குழுமத்துக்குள் வருகின்றன. ஆகவே பெயர்போன சாமான் ஒரு சாதி, கடைச் சாமான் இன்னொரு சாதி என்று பிரிக்கத் தேவையில்லை.

சரி, நீங்கள் கேட்ட சாமான்களுக்கு வருவோம்.

மைசூர்ப் பருப்பு இந்த நாட்டில் விளைவதில்லை. கனடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் மூட்டையாக வருவதை இங்கே பிரித்து அடைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் மூலம் ஒன்றுதான். வித்தியாசம் வருவது துப்புரவிலும் உடைசலிலும். இரண்டிலும் சின்னப் பைக்கற் ஒவ்வொன்று வாங்கி, ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கல், உமி, பொடி எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். பிறகு இரண்டையும் ஒரே அளவு தண்ணீரில் அவித்துப் பாருங்கள். இதற்கு மேல் ஆய்வுகூடம் தேவையில்லை.

கோதுமை மாவில் யோசிக்கவே ஒன்றுமில்லை. நாட்டில் பெரிய ஆலைகள் திருகோணமலையில் பிறிமாவும் கொழும்பில் செரண்டிப்பும். யார் பைக்கற்றில் போட்டாலும் அரைத்த இடம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். திகதியையும் வண்டு இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். சீனியும் உப்பும் அப்படியே. மனிதர் சாப்பிடுகிற உப்பில் அயடின் சேர்த்திருக்க வேண்டும் என்பது சட்டம், அது எல்லாப் பெயருக்கும் ஒன்றுதான்.

தோய்க்கிற பவுடரில் மட்டும் ஒரு கணக்குப் போடுங்கள். மலிவுப் பவுடர் சிலவற்றில் ஒரு வாளி உடுப்புக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட வேண்டி வரும். அப்படியென்றால் பைக்கற் விலை குறைந்தும் மாதச் செலவு குறையாது. பைக்கற் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வாசம் குறைவு என்பதை ஒரு குறையாக எடுக்காதீர்கள். அழுக்கை எடுப்பது வாசமில்லை.

இனி டின்மீன். இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

டின்னின் மேல் இரண்டு நிறை இருக்கும். ஒன்று தேறிய நிறை, அதாவது மீனும் தண்ணீரும் சேர்ந்த நிறை, பெரிய டின்னில் பொதுவாக 425 கிராம். மற்றது வடித்த நிறை, அதாவது தண்ணீரை ஊற்றிவிட்டால் மிஞ்சுகிற மீனின் நிறை. எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலாவதைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் காசு கொடுப்பது இரண்டாவதற்கு. ஒரு டின்னில் வடித்த நிறை 280 கிராம், பக்கத்தில் இருக்கிற மலிவு டின்னில் 240 கிராம் என்று வையுங்கள். டின் இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். ஆனால் மலிவு டின்னில் ஏழில் ஒரு பங்கு மீன் குறைவு. விலையும் ஏழில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால்தான் அது மலிவு. இல்லையென்றால் தண்ணீருக்குக் காசு கொடுத்து வீட்டுக்குச் சுமந்து வருகிறீர்கள்.

அடுத்தது, உள்ளே இருக்கிற மீன் எது என்பது. படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். மக்கரல் என்று ஒன்றில் இருக்கும், ஜக் மக்கரல் என்று இன்னொன்றில் இருக்கும், ரூனா என்று வேறொன்றில் இருக்கும். ருசியும் தசையும் வேறு வேறு, விலையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். வேறு மீனை வேறு மீனோடு ஒப்பிட்டு “இது மலிவு” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

டின்மீனுக்கு எஸ்.எல்.எஸ். 591 என்று ஒரு இலங்கைத் தரக்கட்டளை இருக்கிறது. அந்த முத்திரை இல்லாத டின்னை, யார் பெயர் போட்டிருந்தாலும், திரும்ப வைத்துவிடுங்கள். விளிம்பில் நசுங்கினது, மூடி மேலே உப்பினது, தையல் ஓரத்தில் துரு ஏறினது எதுவும் வேண்டாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உப்பின டின்னைத் திறந்து மணந்து பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். அதில் வளரக்கூடிய நஞ்சு மூக்குக்குத் தெரியாது.

கடைப்பெயர் டின்மீனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லேபிள் அப்படியே இருக்க, உள்ளே அடைத்துக் கொடுக்கிற தொழிற்சாலை மாறலாம். போன மாதம் நன்றாக இருந்த டின் இந்த மாதம் வேறாக இருந்தால் அதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தில் செய்தவர் பெயரைப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் ஒரேயொரு டின் வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். கழிவு போட்டிருக்கிறார்கள் என்று ஆறு டின்னை ஒன்றாக அள்ளாதீர்கள்.

இப்போது அந்த வான்.

பெயர்போன கம்பனியின் பால்மா கடை விலையை விட எப்படி மலிவாக உங்கள் படலைக்கு வருகிறது? பெற்றோலும் அவர்தான் போடுகிறார், வானும் அவருடையது, இலாபமும் எடுக்கிறார். அந்தக் கழிவை யார் கொடுக்கிறார்கள்? கம்பனி கொடுப்பதில்லை. இப்படியான சரக்கு கடைகளில் திகதி முடியப்போகிறது என்று ஒதுக்கினதாக இருக்கும். வெள்ளத்திலோ களஞ்சியக் கூரை ஒழுக்கிலோ நனைந்து விற்க முடியாதது என்று ஒதுக்கப்பட்டதாக இருக்கும். இல்லையென்றால் பெயர்போன பைக்கற்றைப் பார்த்து அச்சடித்த போலியாக இருக்கும். அழிக்கப்பட வேண்டிய சரக்கை யாரோ ஒருவர் இடையில் நின்று மூட்டையாக எடுக்கிறார், இன்னொருவர் திகதியைத் துடைக்கிறார், மூன்றாமவர் உங்கள் ஒழுங்கைக்குள் கொண்டு வந்து “அக்கா, உங்களுக்காகத்தான் இந்த விலை” என்கிறார். உங்கள் மாமி பயப்படுகிற “கழித்த சாமான்” உண்மையில் இங்கேதான் இருக்கிறது, சுப்பர்மார்க்கெட்டின் தட்டில் இல்லை.

பால்மாவிலும் பிஸ்கட்டிலும் கொழுப்பு இருக்கிறது. வெயிலில் மூடின வானுக்குள் நாள்கணக்காகக் கிடந்தால், திகதி சரியாக இருந்தாலும் அந்தக் கொழுப்பு பழுதாகிக் காறல் வாடை வரும். சின்னப்பிள்ளை “அம்மா, பால் ஒரு மாதிரி இருக்கு” என்று சொன்னால் அடம்பிடிக்கிறான் என்று அதட்டிக் குடிக்க வைக்காதீர்கள். நீங்களும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

திகதி மாற்றின பைக்கற்றைக் கண்டுபிடிக்க வழி உண்டு. செய்த திகதியும் முடிகிற திகதியும் தொகுதி இலக்கமும் வழக்கமாக ஒரே இயந்திரத்தில், ஒரே மையில் பதிகின்றன. எழுத்தின் வடிவமோ மையின் நிறமோ ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த இடம் மட்டும் மினுக்கம் போய்த் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். அச்சடித்த விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் பில். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது எந்த வியாபாரிக்கும் கடமை. வான்காரர் தரமாட்டார். சுப்பர்மார்க்கெட்டில் வாங்கின பருப்பில் கல் இருந்தால் பில்லோடு போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு முகாமையாளர் இருக்கிறார். தன் பெயரையே பைக்கற்றில் போட்டவருக்கு “அது கம்பனிக்காரன் பிழை” என்று கைகாட்டிவிடவும் முடியாது. கடைப்பெயர்ச் சாமானில் எனக்கு நம்பிக்கை வருவதற்கு இதுதான் முதற்காரணம்.

முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் அவர்களுக்கு அதிகாரம் போதிய அளவு இருக்கிறது. பழுதான உணவு என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோங்கள். 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. சட்டத்துக்கு இந்த நாட்டில் குறைவில்லை. ஆனால் மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வுக்கு அனுப்பி, அறிக்கை வந்து, வழக்குத் திகதி வருவதற்குள் அந்தச் சரக்கு முழுவதும் விற்று முடிந்துவிடுகிறது. தண்டப்பணம் கட்டின கையோடு அதே ஆள் அடுத்த ஒழுங்கையில் விற்கிறார். கடைக்குள் தட்டில் இருக்கிற பைக்கற்றைப் பிடிக்கிற அளவுக்கு, ஓடுகிற வானை ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டால் “ஆட்கள் காணாது” என்பதுதான் பதில்.

லேபிள் விஷயம் அதைவிட மோசம். வயதான ஒருவர் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்து. தமிழ் இருந்தால் அதிலும் சின்னதாக, பிழையாக. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பகுதி எத்தனையோ பைக்கற்றில் ஆங்கிலத்தில் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் விற்கிற சாமானில் யாழ்ப்பாணத்து அம்மா படிக்கிற மாதிரி நாலு வரி அச்சடிப்பதற்கு என்ன செலவு வந்துவிடும்? இதைக் கேட்க வேண்டிய அலுவலகங்கள் கேட்பதில்லை. “நுகர்வோரே விழிப்பாக இருங்கள்” என்று பதாகை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள்.

அதுவரைக்கும் உங்கள் கைத்தொலைபேசியின் கமராவை லேபிளுக்கு மேல் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். வீட்டுக்கு வந்து சாமானைப் போத்தலில் கொட்டும்போது, திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள துண்டை வெட்டிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். வெறும் பைக்கற்றைக் குப்பையில் போட்ட பிறகு கடைக்குப் போய் எதைக் காட்டுவீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டாம். இந்த மாதம் மாவும் பருப்பும். அடுத்த மாதம் தோய்க்கிற பவுடர். மூன்றாவதாக டின்மீன், அதுவும் வடித்த நிறையைப் பார்த்து. விலையை ஒப்பிடும்போது பைக்கற்றுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 400 கிராம் பைக்கற்றுக்குப் பக்கத்தில் 360 கிராம் பைக்கற்றை வைத்து மலிவாகக் காட்டுவது பெயர்போன கம்பனிகளும் செய்கிற வேலைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுப்பர்மார்க்கெட்டில் கறித்தூள் என்று கடைப்பெயரில் வருவது பெரும்பாலும் தெற்கு முறைத் தூள், மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் சேர்ந்தது. எங்கள் வறுத்த மிளகாய்த்தூளுக்குப் பதிலாக அதைப் போட்டால் கறி கறியாக இருக்காது, பழி முழுவதும் கணவர் தலையில் விழும். தூளை வழமைபோல மில்லிலேயே திரித்துக்கொள்ளுங்கள்.