கேளுங்கள், சொல்கிறோம்: பெல் அடித்தால் அதிரும் கைப்பட்டை

கேள்வி: அம்மாவுக்குக் காது கேட்காது. காலிங் பெல் அடித்தால் அதிரும் கைப்பட்டை ஒன்றை ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய கண்ட்ரோலர் போர்டு) வைத்துச் செய்தேன். 300 எம்ஏஎச் பேட்டரி மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கை வேலையாக இருந்தால் அதிர்வும் தெரிவதில்லை என்கிறார்.
- வாசகர், மதுரை

பதில்: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். வைஃபை சும்மா காத்திருக்கும்போதே 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பெல் அடித்ததைச் சொல்ல வைஃபை எதற்கு? 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னலை வாங்கும் சூப்பர்ஹெட் ரிசீவர் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். பவர் எல்இடியைப் பெயர்த்துவிட்ட 3.3 வோல்ட் புரோ மினி என்ற சின்ன ஆர்டுயினோ கண்ட்ரோலர் போர்டுக்கு இன்னொரு 5. ஒரு நாள் தாராளமாக ஓடும். பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கெல்லாம் அதிராமல் இருக்க, சிக்னலோடு ஓர் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

பெல் 230 வோல்ட் லைனில் இருப்பதால் ஒயரில் நேரடியாகக் கை வைக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசி காயில் உள்ள ரிலேயை (மின்சாரம் வந்தால் தானே மூடும் சுவிட்ச்) எலக்ட்ரீஷியனிடம் சொல்லி பெல்லுக்கு இணையாகப் போடச் சொல்லுங்கள். அதன் காண்டாக்ட், சிக்னல் அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரை இயக்கட்டும்.

அதிர்வு தெரியாததற்கு மோட்டாரை ஒட்டிய விதம் காரணமாக இருக்கலாம். 10 மில்லிமீட்டர் காயின் மோட்டாரை (காசு வடிவ அதிர்வு மோட்டார்) ஸ்பாஞ்சில் வைத்தால் அதிர்வை ஸ்பாஞ்சே விழுங்கிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி, தகடு தோலில் படும்படி பட்டையை இறுக்குங்கள். மோட்டார் முழு வேகம் பிடிக்கவே 100 மில்லி செகண்ட் ஆகும்; அதைவிடச் சின்னத் துடிப்பால் பயனில்லை. அசையும் கையில் உணர்வு மங்கும் என்பதால் 400 மில்லி செகண்ட் அதிர்வு, 300 இடைவெளி என ஆறேழு முறை கொடுங்கள். விடாமல் அதிர்ந்தால் தோல் பழகிவிடும். மோட்டாரை புரோ மினியின் பின்னில் (pin) நேரடியாக மாட்டாதீர்கள், பின் எரியும். 2என்2222 டிரான்சிஸ்டர், பேஸில் 470 ஓம், மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4148 டயோடு போடுங்கள். மோட்டாரின் முடி போன்ற ஒயர் சால்டர் முனையில்தான் அறுந்து போகும். அங்கே ஒரு சொட்டு ஹாட் குளூ வையுங்கள்.

இன்னொன்று: பேட்டரியை சார்ஜ் செய்ய டிபி4056 சார்ஜர் போர்டு வைத்திருந்தால், அது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும். இந்தச் சின்ன பேட்டரிக்கு அது ஆபத்து. போர்டில் உள்ள 1.2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4.7கே போட்டால் சுமார் 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்.

கேள்வி: குழந்தை அழுவதை அறிய பட்டையிலேயே மைக் வைக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். சட்டைக் கை உரசும். மோட்டாரின் இரைச்சலையே அழுகையாக எடுத்துக்கொண்டு பட்டை நிற்காமல் அதிரும். மைக்கைத் தொட்டிலிலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள். சத்தம் விட்டுவிட்டு நாலைந்து செகண்ட் தொடர்ந்தால் மட்டும் சிக்னல் போகட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குக்கர் விசிலுக்கும் தொட்டிலுக்கு ஓட வேண்டியிருக்கும்.