அட்டைப்பெட்டி தூக்குவதற்கு 110 ரூபாயா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக பேக்கிங் வேலை பார்க்கிறேன். அதே மேசையில் நிற்கும் ஆண்களுக்கு ஷிஃப்டுக்கு 560 ரூபாய், எங்களுக்கு 450. கேட்டால், "அவங்க பெட்டி தூக்குறாங்க. ரிஜிஸ்டர்லயும் அவங்க பேக்கர், நீங்க ஹெல்பர்" என்கிறார் மேனேஜர். சூப்பர்வைசர் வேலையும் ஆண்களுக்கு மட்டும்தான். சட்டப்படி கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்குப் பதிலாக, 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஒரே வேலையோ, அதை ஒத்த வேலையோ செய்கிறவர்களுக்கு ஆண், பெண் என்று பார்த்துக் கூலி வைக்கக் கூடாது என்கிறது அதன் 3-ம் பிரிவு.

வேலை ஒத்ததா என்பதற்குத் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கையும் பார்ப்பார்கள். நடைமுறையில் பெரிதாகத் தெரியாத வித்தியாசம் கணக்கில் வராது. ஆக, மேனேஜரின் பெட்டிக் கதையை நேரத்தில் அளந்து பாருங்கள். நாள் முழுக்க இரு தரப்பும் மடிப்பு, டேக், பாலிபேக், சைஸ் பிரிப்பு என்று ஒரே வேலை செய்துவிட்டு, சாயங்காலம் லாரி வரும்போது மட்டும் ஆண்கள் அரை மணி நேரம் பெட்டி ஏற்றுகிறார்கள் என்றால், 110 ரூபாய் வித்தியாசத்துக்கு அந்தக் காரணம் நிற்காது. அதே சமயம், காலை முதல் மாலை வரை லோடு ஏற்றுவதே வேலையாக இருப்பவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அங்கே வழக்கு பலவீனமாகிவிடும்.

ரிஜிஸ்டரில் வேறு பெயர் எழுதுவது பழைய தந்திரம். மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனியில் ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் ஸ்டெனோகிராபருக்கு ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைந்த சம்பளம். 'பெண் அந்தரங்க ஸ்டெனோ' தனிப் பிரிவு, அதில் ஆண்களே இல்லை, யாரோடு ஒப்பிடுவது என்று கம்பெனி வாதாடியது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், கம்பெனியில் பணமும் இல்லை என்றது. 1987-ல் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் ஏற்கவில்லை. ஆட்ரி வழக்குப் போட்டதே வேலையை விட்டு நீக்கப்பட்ட பிறகுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு தாளில் உங்கள் ஒரு நாள் வேலையையும், பக்கத்தில் நிற்கும் ஆணின் ஒரு நாள் வேலையையும் மணிவாரியாக எழுதுங்கள். சம்பளச் சீட்டைவிட இதுதான் முக்கியம் என்பேன். அப்புறம் கணக்கு: மாதம் 26 ஷிஃப்ட் என்றால் வித்தியாசம் 2,860 ரூபாய். மூன்று வருடத்துக்குள் எழுந்த பாக்கியைக் கோரலாம். அது ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதை நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடாதீர்கள், அது அதிகாரி முடிவு செய்வது. உங்கள் கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது தனிக் கோரிக்கை. அங்கே ஆணோடு ஒப்பிடவே தேவையில்லை.

மனுவை எந்த அதிகாரியிடம் கொடுப்பது என்று மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம். பல பேருக்காக ஒரே மனு போடலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் போடலாம். அப்படிச் செய்தால் ஒருவரை மட்டும் குறிவைத்து வெளியே அனுப்புவது கடினம். வக்கீல் செலவுக்கும் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

சூப்பர்வைசர் விஷயம் கொஞ்சம் சிக்கல். பழைய சட்டத்தில் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்திருந்தார்கள். புதியதில் ஆள் எடுப்பதும் வேலை நிபந்தனைகளும்தான் உள்ளன. இது பின்னடைவு என்பது என் கருத்து. 'வேலை நிபந்தனை' என்பதற்குள் பதவி உயர்வும் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் முதலில் கூலியைக் கேளுங்கள், அதில்தான் பிடிமானம் அதிகம்.

கடைசியாக, உங்கள் மேசையில் நிற்கும் அண்ணன்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். உங்கள் கூலியைச் சமமாக்குகிறேன் என்று அவர்களுடைய 560-ஐ முதலாளி குறைக்க முடியாது. அதே 3-ம் பிரிவு அதையும் தடுக்கிறது. அது தெரிந்தால் சாட்சி சொல்ல அவர்களும் தயங்கமாட்டார்கள்.