கிளிப் வைத்த பல்செட்டை ப்ளீச் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

அம்மாவின் பல்செட்டை ராத்திரி ப்ளீச்சில் போட்டால் கிளிப் கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்த்தாடை எலும்பில் இம்பிளாண்ட், அதாவது செயற்கை வேர் மாதிரி ஒரு திருகு, வைத்து அதன்மேல் அழுத்தி மாட்டுகிற வகை என்று எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் தப்பைச் செய்தது நான்தான்.

நாங்கள் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு 74 வயது. பழைய கீழ்ப்பல்செட் நாக்கு அசைந்தாலே எழும்பும், சோற்றைக் குழையப் பிசைந்துதான் சாப்பிடுவார். பாலக்காட்டில் ஒரு கிளினிக்கில் இரண்டு இம்பிளாண்ட் வைத்துப் புதுசு போட்டோம். காலையில் அதை மாட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அடுப்படியில் இருக்கிற எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் டீ வைப்பேன்.

கொஞ்ச நாளில் டீக்கறை பிடித்தது. துணிக்கு ஊற்றுகிற ப்ளீச்சில் ஒரு மூடி எடுத்துத் தண்ணீரில் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொன்னேன். கிணற்றுக்கே ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் குடிக்கிறோம், இதற்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. பல்செட் பளிச்சென்று ஆனது. அஞ்சாறு மாதத்தில் அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் வடையைக் கடித்தார், கீழ்ப்பல்செட் கழன்று வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "இலையை மூடிரு கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

டாக்டரம்மா பல்செட்டைக் கவிழ்த்துக் காட்டினார். உள்பக்கம் இரண்டு சின்ன உலோக மூடி, அதற்குள் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக நைலான் வளையம். இளஞ்சிவப்பாக இருந்தது வெளுத்துக் கிடந்தது. "ப்ளீச்சில் இட்டு வெச்சிருந்நோ?" என்பதுதான் முதல் கேள்வி. இம்பிளாண்டின் தலையைக் கவ்விப் பிடிப்பதே அந்த நைலான்தான், நீங்கள் கிளிப் என்று சொல்வது இதுதான். லொக்கேட்டர் என்கிற வகையில் நிறமே பிடியைச் சொல்லும்: நீலம் லேசு, இளஞ்சிவப்பு நடுத்தரம், நிறமில்லாமலே வருவது நல்ல இறுக்கம். 2010-ல் வந்த ஓர் ஆய்வில் இந்த இளஞ்சிவப்பு வளையங்களையே ஆறு மாத உபயோகத்துக்குச் சமமாகப் பல கரைசல்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது நம் ப்ளீச், பிடியை நன்றாகக் குறைத்தது. பல்செட் கழுவுவதற்கென்றே தண்ணீரில் போடுகிற நுரைக்கும் மாத்திரைகள் அப்படிச் செய்யவில்லை.

உடனே யாராவது 'ப்ளீச்தான் பூஞ்சையைக் கொல்லும்' என்று சண்டைக்கு வருவார்கள். கொல்லும், நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண பல்செட்டையே 10 நிமிஷத்துக்கு மேல் அதில் வைக்கக் கூடாது என்றுதான் அமெரிக்கப் பல் நிபுணர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்கள் வைத்தது ராத்திரி முழுக்க. தினமும் மாட்டிக் கழற்றுவதிலும் நைலான் தேயும், அதனால் எல்லாப் பழியும் ப்ளீச்சுக்கே என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் டாக்டரும் இல்லை.

ஒன்று மட்டும் மனசு ஆறவில்லை. கிளினிக்கில் தந்த தாளில் 'ப்ளீச் கூடாது' என்று இருந்ததாம். மலையாளத்திலும் இங்கிலீஷிலும். அப்பா படித்தது தமிழ் மீடியம், எனக்கும் மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழில் அரசுக்கு எழுத எங்களுக்குக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே உரிமை தந்திருக்கிறார்கள். ஆனால் பஸ் போர்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இதே மண்ணில்தான் இருக்கிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வளையத்தை மட்டும் மாற்றலாம், பல்செட்டைப் புதிதாகச் செய்ய வேண்டாம். எங்களுக்கு ஒரே நாளில் மாற்றித் தந்தார்கள். இப்போது மிருதுவான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான், டூத்பேஸ்ட் கிடையாது, அது பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். ராத்திரி பச்சைத் தண்ணீரில் வைக்கிறோம். வெந்நீர் ஊற்றினால் பல்செட்டே வளைந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் அந்த நுரைக்கிற மாத்திரையில் ஊறவைக்கிறோம், அதன் கவரில் போட்டிருக்கிற நேரம் வரைக்கும்தான். அம்மாவின் வளையம் என்ன நிறம் என்று இன்றைக்கே பாருங்கள். மாட்டும்போது சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.