வல்லினம் வராத வாய்

அன்புள்ள ஐயா,

நான் மயக்கவியல் மருத்துவர். பிலிப்பைன்ஸில் உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு) உள்ள குழந்தைகளுக்கான இலவச அறுவை சிகிச்சை முகாமுக்குப் பத்து நாட்கள் வரும்படி அழைக்கிறார்கள். ‘சேவை என்ற பெயரில் சுற்றுலா’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். குழந்தைகளை முன்னும் பின்னும் படமெடுத்துப் போடுவதும் உறுத்துகிறது. போகலாமா?

க., மதுரை

அன்புள்ள க.,

நண்பர்களை விடுங்கள், கேலிக்கு அவர்களுக்கு நேரம் இருக்கிறது. படமா, தாயைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியது ‘பேச்சு’ என்ற ஒரு சொல்லை. இல்லை. மருத்துவருக்கே அது நினைவில்லை என்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

இப்படி முகாம் நடத்தும் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்புக்கு 1982இல் வித்திட்டதே பிலிப்பைன்ஸின் நாகா நகரம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த குழு, காத்திருந்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த உறுத்தலில் பிறந்த அமைப்பு அது. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற இன்னொரு அமைப்பு, உள்ளூர் மருத்துவர்களுக்கே பயிற்சியும் பணமும் தந்தது. எனக்கு இதுதான் உசத்தி. உதட்டைச் சில மாதக் குழந்தையிலேயே தைத்துவிடலாம். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூட வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு, எட்டு ஒன்பது வயதில் ஈறுக்குள் எலும்பு வைப்பது. பத்து நாள் முகாம் இதில் எதற்கென்று இருக்கும்?

காற்றை வாய்க்குள் அடைத்து வெடிக்கவிட்டால்தான் க, ட, ப வரும். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் காற்று மூக்கு வழியே ஓடிவிடும். வல்லினம் போய்விடும், மெல்லினம் பிழைக்கும்.

என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒருவன் படித்தான். எங்கிருந்தோ வந்த முகாமில் உதட்டைத் தைத்துக்கொண்டு வந்தான். மூக்குக்குக் கீழே மெல்லிய கோடு, அவ்வளவுதான், அழகனாகிவிட்டான். அண்ணத்துக்கு அடுத்த முறை பார்க்கலாம் என்றார்களாம். அந்த அடுத்த முறை வரவே இல்லை. ஒருநாள் பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்ற அப்பாவைக் கூப்பிட்டான். எங்கள் காதில் ‘அம்மா’ என்றுதான் விழுந்தது. வகுப்பே சிரித்தது. நானும்தான். அவர் மட்டும் “இதோ வந்துவிட்டேன் ராசா” என்றார்.

பிலிப்பைன்ஸில் அம்மா ‘நானாய்’, அப்பா ‘தாதாய்’. சொல்லிப் பாருங்கள், அங்கும் அதே வம்புதான்.

அழைத்தவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் விமானம் ஏறிய ஆறாம் மாதம், அந்தக் குழந்தையை உட்காரவைத்து ‘தாதாய்’ சொல்லப் பழக்க அந்த ஊரில் யார் இருக்கிறார்? ஆளைக் காட்டினால் அன்றே டிக்கெட் போடுங்கள்.