வாசகர் கேள்வி பதில்: உடம்பு தேறக் கஞ்சி மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நிமோனியாவால் 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். 51 கிலோ இருந்தவர் இப்போது 46 கிலோ. வாய்க்குப் பிடிக்கவில்லை என்று கஞ்சியும் ரசமும்தான் கேட்கிறார். முட்டை, மீன் சாப்பிடுவார். சர்க்கரை நோய் இல்லை. டானிக் வாங்கித் தரலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: டானிக் பணத்துக்கு முட்டையும் பால் மாவும் வாங்குங்கள். நாலு வாய்க்கே வயிறு நிரம்பிவிடுகிறவருக்கு நீர்த்த கஞ்சி கொடுத்தால், இருக்கிற இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். இரண்டு மேசைக்கரண்டி அரிசியில் காய்ச்சிய ஒரு கிண்ணக் கஞ்சியில் ஏறத்தாழ 100 கலோரிதான். புரதம் 2 கிராம். அதே கிண்ணத்தை 330 கலோரியும் 14 கிராம் புரதமும் உள்ளதாக மாற்றலாம்.

கஞ்சி குழைந்ததும் தீயைக் குறைத்து, அடித்த முட்டை ஒன்றை நூலாக ஊற்றிக் கிளறி, நன்றாக வேகவிடுங்கள். காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை இப்போதைக்கு வேண்டாம். இறக்கியபின், கொழுப்பு நீக்காத பால் மாவு 3 மேசைக்கரண்டியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சேர்க்கவும். கொதிக்கிற கஞ்சியில் மாவை அப்படியே தூவினால் கட்டி தட்டும். ஒரு கட்டி நாக்கில் பட்டாலும் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். நெய் ஒரு தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். மறுநாள் முட்டைக்குப் பதில் முள் எடுத்து உதிர்த்த மீன்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்குச் சுமார் 55 கிராம் புரதம் அவருக்குத் தேவை. மூன்று வேளையில் அது ஏறாது. இரண்டரை மணிக்கு ஒருமுறை, ஆறு சிறு வேளையாகக் கொடுங்கள். ரசமும் தேநீரும் சாப்பாட்டுக்கு முன் வேண்டாம், பின்னால் குடிக்கட்டும். மைலோ சத்துமாவைத் தண்ணீரில் கலக்காமல் பாலில் கலந்து கொடுங்கள். காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் ஏறும் எடை கொழுப்பாகத்தான் சேரும்.

வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் எடுத்தபின் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்து போட்டால் ருசி திரும்பும். மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும்.

எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது சிறிய விஷயமல்ல. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உணவியல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரை கேளுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் ஈரமாக ஒலித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்: உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா திரும்பும். வாரம் ஒருநாள் காலையில் எடை பாருங்கள். கால் கிலோ ஏறினாலே நல்ல முன்னேற்றம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கினால் அது நீர், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: டெங்கிக் காய்ச்சலுக்குப் பின் என் கணவர் மெலிந்துவிட்டார். சர்க்கரை நோய் உண்டு. நண்பர் ஒருவர் பசியைத் தூண்டும் மாத்திரை கொண்டுவந்து தந்தார்.
- வாசகி, ஈசூன்

பதில்: அதைக் கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அறிவிக்காமல் ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். இனிப்புப் பானத்துக்குப் பதில் முட்டை, மீன், வேர்க்கடலை, நெய் கொடுங்கள். குறைவாகச் சாப்பிடும்போது பழைய அளவிலேயே சர்க்கரை மருந்து எடுத்தால் சில மருந்துகளால் சர்க்கரை இறங்கிவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து பசியையும் குறைக்கலாம். தானாக நிறுத்தாமல், இந்த வாரமே மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள்.