சப்பாத்திக்கு மாறியும் எடை குறையலையே!

கேள்வி: மேடம், எனக்கு வயசு 38, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 74 கிலோ. ராத்திரி சோத்தை விட்டுட்டு சப்பாத்திக்கு மாறி ஆறு மாசமாச்சு, காலையில சிறுதானிய தோசை, வெள்ளிக்கிழமை விரதம் வேற, ஆனா ஒரு கிலோ கூட இறங்கல. தைராய்டு டெஸ்ட் நார்மல். தனியா நொறுக்குத்தீனின்னு எதுவும் சாப்பிடறதில்ல, பசங்க தட்டுல மிச்சம் வச்சா மட்டும் கொட்ட மனசு வராம நானே சாப்பிட்டுடுவேன். என் உடம்பு வாகே இப்படித்தானா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உடம்பு வாகு மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு பார்த்துரலாம்ங்க. அரிசி 100 கிராம் எடுத்தாலும் கோதுமை மாவு 100 கிராம் எடுத்தாலும் சுமார் 320லேருந்து 360 கலோரிக்குள்ளதான் வரும், கேழ்வரகு, தினை, சாமையும் அதே பக்கம்தான். சிறுதானியத்துல நார்ச்சத்து கூட இருக்கு, நல்லதுதான், ஆனா அதை நைசா அரைச்சு தோசையா ஊத்தி "இது மில்லட்தானே"ன்னு ரெண்டு எக்ஸ்ட்ரா வச்சுக்கிட்டா எடை எப்படி குறையும்? சப்பாத்திக்கும் இதே கதைதான், தேய்க்கும்போது எண்ணெய், சுடும்போது எண்ணெய், தொட்டுக்க தேங்காய் அரைச்ச குருமா. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனே 120 கலோரிங்க. சோறு, ரசம், பொரியல்னு அளவா சாப்பிட்டிருந்தா இதைவிட கம்மியாதான் ஆகியிருக்கும். சோத்தை வில்லனாக்கினதுல நம்ம ஊர்ல நிறைய பேருக்கு நஷ்டம்தான், பிடிச்சதை விட்டதும் மிச்சம், எடை குறையாததும் மிச்சம்.

உங்க லெட்டர்ல நான் ரெண்டு தடவை படிச்ச வரி, பசங்க தட்டு மிச்சத்தைப் பத்தின அந்த வரிதான். பசங்க விட்ட அரை தோசை, டிபன் பாக்ஸ்ல திரும்பி வந்த லெமன் சாதம், ராத்திரி பாத்திரம் கழுவறதுக்கு முன்னாடி காலி பண்ணின ரெண்டு கரண்டி சாம்பார் சாதம், இதெல்லாம் நின்னுக்கிட்டே சாப்பிடறதால சாப்பிட்ட கணக்குலயே வராது. நாள் முழுக்க சேர்த்தா ஒரு வேளை சாப்பாடு வந்துடும்! சோத்தைக் கொட்டக்கூடாதுன்னு வளர்ந்த தலைமுறைங்க நாம, அந்த நினைப்பை தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா அதை ஏன் அம்மா வயிறு மட்டும் சுமக்கணும்? மாத்த வேண்டிய இடம் உலை வைக்கிற இடம்தான். தினமும் மிஞ்சுதுன்னா அரிசியைக் குறைச்சுப் போடுங்க. பசங்களுக்கு முதல்ல கொஞ்சமா வைங்க, வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும். மிஞ்சினதை உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு மறுநாள் உங்க சாப்பாடாவே சாப்பிடுங்க, சாப்பாட்டுக்கு மேல சாப்பாடா வேண்டாம்.

விரதத்தைப் பத்தியும் கேக்கணும், சாயங்காலம் விரதம் முடிக்கறது எதுல? ஜவ்வரிசி உப்புமா, வடை, பாயசம்னா அது விரதமே இல்ல, லேட்டா வந்த விருந்து. காபியையும் பாருங்க, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூணு வேளைன்னா சர்க்கரை மட்டுமே 30 கிராம் ஆகுது, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரேயடியா நிறுத்தாதீங்க, நாலு நாள்ல வெறுத்துப் போயிடும், அரை ஸ்பூன் அரை ஸ்பூனா குறைங்க, நாக்கு பழகிடும்.

தட்டுல பாதிக்கு காய், கீரை, பழம்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டியும் சொல்லுது. நம்ம வீட்ல பொரியல்னா ஊறுகாய் மாதிரி ஓரத்துல ஒரு ஸ்பூன், அதைத் திருப்பிப் போடுங்க. கூடவே பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும், அப்பதான் பதினோரு மணிக்கு பிஸ்கட் டப்பா ஞாபகம் வராது. எடை மெஷின்ல தினமும் ஏறி மனசைக் கெடுத்துக்காதீங்க, உடம்புல தண்ணி கூடிக் குறையறதுலயே ஒரு கிலோ முன்ன பின்ன காட்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், டேப் வச்சு இடுப்பையும் அளந்து எழுதி வைங்க, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள வர்றதுதான் இலக்கு.

கேள்வி: ஐடி வேலை, வயசு 27. திங்கள்லேருந்து வெள்ளி வரை டயட், சனி ஞாயிறு சீட் டே (cheat day), டயட்டை ஏமாத்தி இஷ்டத்துக்குச் சாப்பிடற நாள். சரியா மேடம்?
– வாசகர், கோவை

பதில்: சீட் டேங்கற பேரே எனக்குப் பிடிக்கலைங்க, பரோட்டா சாப்பிடறது என்ன திருட்டா? அஞ்சு நாள் வயித்தைக் கட்டி ரெண்டு நாள்ல அவுத்து விட்டா, மிச்சம் பிடிச்சதெல்லாம் அந்த ரெண்டு நாள்லயே போயிடும். ஆசைப்பட்டதை புதன்கிழமையே ஒண்ணு சாப்பிடுங்க, உட்கார்ந்து, போனைக் கீழ வச்சுட்டு. பாக்கெட் ஐட்டத்துலதான் ஜாக்கிரதை. அமெரிக்காவுல 20 பேரை ரெண்டு ரெண்டு வாரம் வச்சுப் பார்த்த ஆய்வு 2019ல வந்துச்சு, வேணுங்கற அளவு சாப்பிடலாம்னு விட்டப்ப, வீட்டுச் சாப்பாடு மாதிரியானதைவிட ஃபேக்டரி உணவு குடுத்த வாரங்கள்ல தினமும் 500 கலோரி பக்கம் கூடுதலா சாப்பிட்டிருக்காங்க, வேகமாவும் சாப்பிட்டிருக்காங்க.

கேள்வி: என் மாமியார் சுகர் மாத்திரை போடறாங்க. எடை குறைய ராத்திரி சாப்பாட்டையே விட்டுடறேன்னு நிக்கிறாங்க. விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: டாக்டரைக் கேக்காம விடவே கூடாதும்மா. சில மாத்திரை, இன்சுலின் எல்லாம் வேளைக்குச் சாப்பிடுவோம்னு நம்பி குடுக்கறது, பட்டினி இருந்தா சுகர் சட்டுனு இறங்கி நடுராத்திரி வேர்த்து மயக்கம் வரும். என்ன மாத்திரைன்னு சீட்டை எடுத்துக்கிட்டுப் போய் காட்டுங்க, அதுவரைக்கும் ஏழரை மணிக்கெல்லாம் ரெண்டு இட்லி, நிறைய காய் போட்ட சாம்பார்.