ஸ்குவாஷ் பறிக்கப் போய் பர்ஸ் பறிபோன கதை

ஜூலை பிறந்தால் போதும், நியூ ஜெர்சி பக்கத்து வாசகர்கள் நாமே வயலில் இறங்கிப் பறித்துக் காசு கொடுக்கும் 'யு-பிக்' பண்ணைகளைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். வழக்கமாக ப்ளூபெர்ரியும் பீச்சும்தான் வரும். இந்த முறை பூசணி இனத்துப் பிஞ்சுக் காய்களான சுக்கினியும் மஞ்சள் ஸ்குவாஷும் முந்திக்கொண்டன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: குடும்பமாக நான்கு பேர் போனோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு 8 டாலர். பறித்தது 11 பவுண்ட், பவுண்ட் 2 டாலர். கடையை விட மலிவு என்று சொல்லித்தான் நண்பர் அனுப்பினார். உண்மையில் மலிவுதானா? (எடிசன்)

பதில்: இல்லை. நுழைவுக்கு 32, காய்க்கு 22, ஆக 54 டாலர். பவுண்டுக்கு ஏறக்குறைய 5 டாலர் விழுகிறது. பெட்ரோலும் டோலும் தனி. கோடையில் பெரும்பாலான கடைகளில் இதில் பாதி கூட இருக்காது.

மிச்சம் பிடிக்க நினைப்பவர் போகிற இடம் இல்லை இது. காலையில் செடியில் இருந்த பிஞ்சு மத்தியானம் கூட்டாகத் தட்டுக்கு வருகிறதே, அந்த ருசிக்கும் பிள்ளைகளின் குதூகலத்துக்கும்தான் காசு. அது வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். நுழைவுக் கட்டணத்தைப் பில்லில் கழிப்பார்களா, எத்தனை வயது வரை குழந்தைகளுக்கு இலவசம், கூடைக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். வைக்கோல் வண்டி, ஆட்டுக்குத் தீனி, சோளக்காட்டுக்குள் வழி தேடும் புதிர் எல்லாம் வைத்திருக்கும் பண்ணைகள்தான் பெரும்பாலும் வாசலிலேயே வசூலிக்கின்றன. ஒரு கொட்டகை, ஒரு தராசு, நாலு பக்கெட் என்று இருக்கும் சின்னப் பண்ணைகளைத் தேடிப் பாருங்கள். விளம்பரம் இருக்காது. விலை நியாயமாக இருக்கும்.

கேள்வி: பெரியதாக இருந்தால் லாபம் என்று முழங்கை நீளத்தில் எட்டு சுக்கினி பறித்தேன். நறுக்கினால் உள்ளே பஞ்சும் விதையும். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். எங்கே புகார் செய்வது? (பிளெய்ன்ஸ்போரோ)

பதில்: உங்கள் வீட்டுக் கண்ணாடியிடம்.

செடியில் இத்தனை காய் தொங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தது உங்கள் கைதானே? இது பிஞ்சாகச் சாப்பிடும் காய். ஆறிலிருந்து எட்டு அங்குலம் போதும். தட்டையான பாட்டிபேன் ரகம் என்றால் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் காய் இரண்டு மடங்காகிவிடும். நீங்கள் பறித்தது, முன்னால் வந்தவர்கள் கண்ணுக்கு இலை மறைவில் தப்பிய காய். எடை போட்டு விற்கும் இடத்தில் முற்றலைப் பறித்தால் தண்ணீருக்கும் விதைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். தோலைச் சீவி, விதையை வழித்துவிட்டு, துருவி அடை மாவில் சேருங்கள்.

கேள்வி: ஸ்குவாஷ் பறித்த அன்று இரவெல்லாம் இரண்டு கையும் அரிப்பு. பண்ணை மேல் வழக்குப் போடலாமா? (பார்சிப்பனி)

பதில்: போட வேண்டியது வழக்கு இல்லை, முழுக்கைச் சட்டை. இலையிலும் காம்பிலும் முள் மாதிரி சுணை இருக்கும்.

கேள்வி: 'ஒரு பை 25 டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பலாம்' என்று பார்த்து ஆன்லைனில் பணம் கட்டினோம். படத்தில் இருந்தது இரண்டு கையால் தூக்குகிற பை. அங்கே கொடுத்தது ரொட்டி வாங்கும் பை அளவு. பத்துக் காயில் நிறைந்துவிட்டது. கேட்டால், 'பை என்றுதானே போட்டிருக்கிறோம்' என்று சிரிக்கிறார்கள். (பிரிட்ஜ்வாட்டர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. படத்தைக் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பை என்பது ஓர் அளவே இல்லை. அமெரிக்காவில் காய்கறிக்கென்று அளவுகள் இருக்கின்றன. புஷல் என்றால் சுமார் 35 லிட்டர் கொள்ளளவு. அதில் கால் பங்கு பெக். ஒரு புஷல் ஸ்குவாஷ் ஏறக்குறைய 40 பவுண்ட் நிற்கும், பெக் என்றால் பத்து. பலகையில் 'அரை புஷல் இவ்வளவு' என்று எழுதுகிறவர் ஒரு கணக்குக்குக் கட்டுப்படுகிறார். 'பை', 'கூடை', 'பக்கெட்' என்று எழுதுகிறவர் எதற்கும் கட்டுப்படுவதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பை, செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு பை என்று மாற்றினாலும் யார் கேட்பது? முத்திரை குத்திய படியா என்று திருப்பிப் பார்த்து அரிசி வாங்கிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். இங்கே வந்ததும் சிரித்த முகத்தோடு நீட்டுகிற பிளாஸ்டிக் பையை அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

கூடை மட்டும் என்ன வாழ்ந்தது? போன கோடையில் சாலையோரக் கொட்டகை ஒன்றில் நான் வாங்கிய பீச் கூடையில் மேல் இரண்டு வரிசைதான் பழம். அதற்குக் கீழே இரண்டு காகிதக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கிண்ணத்தின் ஓரத்தில் பீச்சின் ரோமம் ஒட்டியிருந்தது. அதாவது அந்தக் கிண்ணங்களுக்கு அது முதல் கூடை இல்லை.

எடை போடும் இடத்திலும் கண் வேண்டும். காலிக் கூடையைத் தட்டில் வைத்ததும் தராசு பூஜ்யம் காட்டும்படி செய்துவிட்டுத்தான் காயைக் கொட்ட வேண்டும். எண் உங்களுக்கும் தெரியும்படி தராசு இருக்க வேண்டும். சோதனை செய்த அதிகாரியின் முத்திரை ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விளம்பரப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இன்றே. நாளைக்கு மாற்றிவிடுவார்கள். கொடுத்த பையை ஸ்கேலோடு வைத்துப் படம் எடுங்கள். கோடை வேலைக்கு வந்த பையனிடம் வாதாடாமல் உரிமையாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) எடை-அளவை அலுவலகத்துக்கும் நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கும் புகார் அனுப்பலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு பில் தகராறுகளுக்கான 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 25 டாலருக்கு இத்தனை பாடா என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அந்தப் பையை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பண்ணையில் பறித்த மஞ்சள் ஸ்குவாஷ் கூட்டு கடும் கசப்பு. மாமியார், 'பாகற்காய் சாப்பிடுவதில்லையா, வெல்லம் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். பண்ணைக்காரர் எங்கள் பேச்சையே நம்பவில்லை. (கிங் ஆஃப் பிரஷியா)

பதில்: முதலில் அதைக் குப்பையில் கொட்டுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பாகற்காயின் கசப்பு இயல்பு. ஸ்குவாஷ் கசந்தால் அதில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது என்று பொருள். வேகவைத்தாலும் போகாது, வெல்லம் போட்டாலும் போகாது. வாந்தி, பேதி, வயிற்றுவலி என்று படுத்திவிடும். 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் தோட்டத்து சுக்கினியைக் கசப்போடு சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். சாப்பிட்ட யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

பண்ணைக்காரர் நம்ப மறுத்தது தப்பு. மிச்சம் இருக்கும் காயில் ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே நறுக்கிக் கொடுங்கள், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பட்டும். விதை கலப்பாகிவிட்டால் இப்படி வரும் என்பது விவசாயம் தெரிந்தவருக்குத் தெரியும். இனிமேல் சமைப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் பச்சையாக ஒரு துணுக்கைச் சுவைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வாசலில் 'மருந்து அடிக்காத பண்ணை' என்ற பலகை. நம்பி இரண்டு மடங்கு கொடுக்கலாமா? (மன்றோ)

பதில்: பலகைக்குக் கொடுக்காதீர்கள். 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு மத்திய வேளாண் துறையின் விதிமுறையும் சான்றிதழும் உண்டு. வருடத்துக்கு 5,000 டாலருக்கு மேல் ஆர்கானிக் விற்காத சிறு பண்ணைக்குச் சான்றிதழ் தேவையில்லை, விதிகள் மட்டும் பொருந்தும். 'மருந்து அடிக்காத' என்பதற்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. ஸ்குவாஷைத் தண்டு துளைப்பான், சாம்பல் நோய், நாவாய்ப்பூச்சி என்று வரிசையாகத் தாக்கும். 'இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள், கடைசியாக எதை, எப்போது தெளித்தீர்கள்' என்று கேளுங்கள். நேர்மையானவர் பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசுவார். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: டிக்கெட் எடுத்த நாளில் மழை. ஷூவெல்லாம் சேறு. ரீஃபண்ட் கிடையாதாம். அநியாயம் இல்லையா? (எடிசன்)

பதில்: டிக்கெட்டில் 'மழை வந்தாலும் மாற்றமில்லை' என்று இருந்ததா? இருந்தது என்று நீங்களே மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன? வயலில் சேறு இல்லாமல் கார்ப்பெட்டா இருக்கும்?

கேள்வி: ஆசையில் 40 பவுண்ட் பறித்துவிட்டோம். பாட்டிலில் அடைத்து, ஆவி அழுத்தத்தில் சூடாக்கும் பிரஷர் கேனரில் வைத்தால் வருடம் முழுக்க வருமா? கேனர் வாங்கலாமா? (சோமர்செட்)

பதில்: வாங்காதீர்கள். வீட்டில் உணவைப் பதப்படுத்துவதற்கான தேசிய மையம் இந்தக் காயை வெறுமனே பாட்டிலில் அடைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு நேரம் சூடாக்கினால் பாதுகாப்பு என்பதற்கு நம்பகமான கணக்கு இல்லை. தப்பினால் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு. சோதிக்கப்பட்ட செய்முறைப்படி வினிகரில் ஊறுகாய் போடலாம். அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பொரியலுக்குக் குழைந்துவிடும், சாம்பாருக்கும் கூட்டுக்கும் சரி. ஃப்ரிட்ஜில் அப்படியே வைத்தால் ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம்.

விளைச்சல் வெறியில் சாமான் வாங்குவது பற்றி எனக்குத் தெரியும். நூடுல்ஸ் மாதிரி சுருள் சீவும் மெஷின், காற்றை உறிஞ்சிப் பை மூடும் மெஷின், இரண்டும் என் வீட்டு கராஜில் அட்டைப்பெட்டியில் தூங்குகின்றன. வேண்டுமானால் வந்து எடுத்துப் போங்கள். மிச்சக் காயை அக்கம்பக்கம் கொடுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் சுக்கினியை ரகசியமாக வைத்துவிட்டு வருவதற்கென்றே ஆகஸ்ட் 8-ஐ இந்த ஊரில் வேடிக்கை நாளாக வைத்திருக்கிறார்கள். 40 பவுண்ட் பறித்தவர்கள் நீங்கள் மட்டும் இல்லை என்று தெரிகிறதா?

கேள்வி: பஜ்ஜி போட ஸ்குவாஷ் பூ பறித்தோம். கத்தினார்கள். (ஜெர்சி சிட்டி)

பதில்: கத்தத்தான் செய்வார்கள். பின்னால் குட்டிக் காயோடு இருக்கிற பூவைக் கிள்ளினால் நாளைய காயைக் கிள்ளுகிறீர்கள். மெல்லிய காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. அதையும் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

கேள்வி: பண்ணையின் கடையில் 'எங்கள் வயலில் விளைந்தது' என்ற அட்டைக்குக் கீழே இருந்த சுக்கினியில் 4067 என்று ஒரு குட்டி ஸ்டிக்கர். மே மாதம் முதல் வாரம். சந்தேகப்படலாமா? (சௌத் பிரன்ஸ்விக்)

பதில்: சபாஷ், இப்படித்தான் பார்க்க வேண்டும். 4067 என்பது பச்சை சுக்கினிக்கு சூப்பர் மார்க்கெட் கல்லாக்களில் அடிக்கும் எண். தன் வயலில் பறித்ததை ஐம்பதடி தள்ளி விற்பவர் எதற்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்? போதாததற்கு மே முதல் வாரத்தில் நியூ ஜெர்சியின் திறந்த வயலில் சுக்கினி காய்க்காது. இங்கே சீசன் ஜூனில்தான் தொடங்கும். மொத்தச் சந்தையில் வாங்கி விற்பது குற்றமில்லை, பல பண்ணைக் கடைகள் அதைச் செய்கின்றன. ஆனால் அந்த அட்டை பொய். அட்டையும் ஸ்டிக்கரும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து, மேலே சொன்ன நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி.